கையெழுத்து வரிசையில் நின்றவர்

போன திங்கட்கிழமை தபாலில் எனக்கு ஒரு பெருவிரல் வந்தது.

பயப்பட வேண்டாம். விரல் அல்ல, விரலின் ரேகைதான். நாகப்பட்டினம் முத்திரை குத்திய உறை. உள்ளே ஒரே ஒரு தாள். கடிதம் எழுதிக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் யாரோ ஒருவரின் சாய்ந்த எழுத்து. அடியில், பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நீல மையில் அழுந்திக் கிடந்தது அந்த விரல். ரேகைகளின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. சாக்குக் கொக்கி கிழித்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது — செபஸ்தியான் அண்ணன்.

செபஸ்தியான் அண்ணனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். சொல்லிக் கொடுத்தவனே நான்தான். பிறகு ஏன் ரேகை?

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மழைக்காலத்துக் கடல். சோறு வடித்த கஞ்சி மாதிரி ஒரு நிறம். அக்கரையில் பிறை ஊர் இருப்பதற்கான அடையாளமே இல்லை. ரொம்ப நேரம் நின்றேன். நனைந்தேன். திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன்.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் மாலை வகுப்பைத் தெரிந்திருக்கும். பகலில் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். செவ்வாயும் வெள்ளியும் மாலையில், படிக்காதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பின்னால் மாணிக்கம் அண்ணனின் மசாலாக் கடை இருக்கிறதே, அதன் மாடியில். துறைமுகத்தில் ஐந்து மணிச் சங்கு ஊதினால் வகுப்பு தொடங்கும். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு ஒலித்தால் முடியும். கீழே மிளகாய் வறுபடும். மேலே நாங்கள் இருமிக்கொண்டே 'ஆனா, ஆவன்னா' சொல்வோம்.

எல்லாரும் உழைக்கிறவர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், தொங்கான் படகுக்காரர்கள், துணி வெளுக்கிறவர்கள். பெரும்பாலும் என் வயது, இல்லையென்றால் மூத்தவர்கள். செபஸ்தியான் அண்ணனுக்கு ஐம்பதுக்குக் கிட்ட இருக்கும். கரையோரத்துச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில், ஒரு காண்ட்ராக்டரிடம், இருபத்திரண்டு வருஷமாக மூட்டை தூக்கினார். மனைவி இல்லை. ஒரே மகள் லூர்துவை, நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்.

"எதுக்குண்ணே இந்த வயசுல படிப்பு?" என்று முதல் நாள் கேட்டேன்.

"கோயில்ல பாட்டுப் பொஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டுப் பாடினேன் வாத்தியாரையா. பக்கத்துல நின்ன சின்னம்மா சிரிச்சிட்டாங்க. மாதா முன்னாடி மானம் போச்சு. பொஸ்தகத்த நேராப் பிடிக்கணும், அவ்வளவுதான்லா."

அவ்வளவுதான். ஒரு மனிதன் இதற்கு மேல் சுருக்கமாக ஒரு லட்சியத்தைச் சொல்ல முடியுமா?

மெதுவாகப் போனோம். க, ங, ச... ஒவ்வொரு எழுத்தையும் மூட்டை மாதிரித் தோளில் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்ப்பார். மூன்று மாதத்தில் 'ப' வரை வந்தார். அன்றைக்குச் சிலேட்டில் பெரிதாக ஒரு 'ப' எழுதி, "இது நம்ம கிட்டங்கி, கூரை போடாதது" என்றார். வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு கட்சி வந்தது. எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் ஏறுகிற மாதிரி வந்தது. முதலில் மாணிக்கம் அண்ணன் கடையில் நாலு பேர் நின்று பேசினார்கள். பிறகு மாடிக்கு வந்து உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. சாதி ஒழிய வேண்டும்... மூட்டை தூக்குகிறவனுக்கும் சபையில் வாய் வேண்டும்... எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்னும் சிலிர்க்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

எனக்குப் பேச வரும் என்று கண்டுபிடித்தார்கள். எனக்கே அன்றுதான் தெரியும்! தைப்பிங்கில் ஒரு கூட்டம், ஈப்போவில் ஒரு கூட்டம். கை தட்டுகிற சத்தம் இருக்கிறதே — அது ஒரு தினுசான கள். செவ்வாய் வகுப்பு கமிட்டிக்குப் போயிற்று. வெள்ளி வகுப்பு பாதியாயிற்று.

அப்போது கிளைத் தேர்தல். பழைய கமிட்டியில் இருந்த பெரிய மனிதர்கள் ஒரு விதி போட்டிருந்தார்கள். படித்த மெம்பருக்குத்தான் ஓட்டு. யார் படித்தவர்? மெம்பர் பாரத்தில் கையெழுத்துப் போட்டால் படித்தவர். கைநாட்டு வைத்தால் சந்தா கட்டலாம், கூட்டத்துக்கு வரலாம், பெஞ்சு தூக்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது. கூலிக்காரர்களை வாசலிலேயே நிறுத்துவதற்கென்று செய்த விதி.

"தம்பி, உன் வகுப்புல நாப்பது பேர் இருக்காங்களே?" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"இன்னும் எழுத்துக் கூட்டி முடியலைண்ணே."

"எழுத்த யாரு கேட்டா? பேர் மட்டும் போட்டாப் போதும்லா. அவங்க வெச்ச பூட்டு. அவங்க சாவியாலயே தொறப்போம்."

என்ன சாமர்த்தியம்! நானும் மயங்கினேன். ஆறு வாரம். 'ப'வுக்கு அடுத்த எழுத்தை மூடி வைத்தேன். ஒவ்வொருவர் சிலேட்டின் தலையிலும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்தேன். பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். எழுத அல்ல, வரைய. பூக்கோலம் மாதிரி.

செபஸ்தியான் அண்ணன் பாடு திண்டாட்டம். நடுவில் அந்த 'ஸ்' வந்து நின்றது.

"இது எழுத்தா நண்டா வாத்தியாரையா? எங்கப்பன் முருகன்னு பேர் வெச்சிருந்தா ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும்."

"பாதர் காதுல விழப் போகுது அண்ணே!"

"அவருக்கு என்ன, அவர் பேர்ல நண்டு இல்லையே."

கடைசியில் வந்தது. நான் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன் — பெயருக்கு அடியில் வலப்பக்கமாக ஒரு கோடு இழுத்து, கீழே இரண்டு புள்ளி வைக்க. கையெழுத்து என்றால் கொஞ்சம் கம்பீரம் வேண்டாமா? அந்தக் கோட்டை அவர் இழுக்கும்போது தோளே அசையும். துறைமுகமே பார்க்கிற மாதிரி இழுப்பார்.

நாற்பது பாரம். நாற்பது கையெழுத்து. ஜெயித்தோம். நான் கிளையின் செயலாளர். மாலை போட்டார்கள். ஐஸ் போட்ட ரோஸ் சர்பத் கொடுத்தார்கள். பெரிய மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வகுப்பு? "அடுத்த செவ்வாய்." அடுத்த செவ்வாய் வந்தால் அதற்கடுத்த செவ்வாய். எல்லாரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். செபஸ்தியான் அண்ணன் மட்டும் சங்கு ஊதியதும் வந்து, மாடிப்படியில், கடைசிக்கு முந்தின படியில் உட்கார்ந்திருப்பார். உள்ளே கமிட்டி நடக்கும். சிலேட்டை மடியில் வைத்துப் பேரை வரைவார், அழிப்பார்.

"அடுத்த எழுத்து என்ன வாத்தியாரையா?"

"'ம' அண்ணே. அடுத்த வாரம் ஆரம்பிச்சிடலாம்."

அவரைத் தாண்டித்தான் ஒவ்வொரு வாரமும் நான் கூட்டங்களுக்கு இறங்கிப் போனேன். நகர்ந்து வழிவிடுவார்.

ரப்பர் விலை விழுந்த கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிட்டங்கிகளில் மூட்டை குறைந்தது. மூட்டை குறைந்தால் முதுகும் குறைய வேண்டும். இலவசக் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள். செபஸ்தியான் அண்ணன் போகிறதாக இல்லை. ஊரில் யாருமில்லை. மகள் முழுகாமல் இருந்தாள், ஏழு மாதம். "பேரப்புள்ளையக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவேன், பொஸ்தகத்த நேராப் பிடிச்சுப் பாடுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிட்டங்கியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காகிதமானாலும் கைநாட்டு வைக்கிறவனுக்கு ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி முதலில் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் இரண்டு சாட்சி நின்று கேட்க வேண்டும். பிறகுதான் விரல் மையில் இறங்கும். கையெழுத்துப் போடுகிறவனுக்கு இதெல்லாம் இல்லை. அவன்தான் படித்தவனாயிற்றே!

ஒரு புதன்கிழமை காலை இரண்டு மேசை போட்டார்கள். கைநாட்டு மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. கையெழுத்து மேசைக்கு முன்னால் நாலைந்து பேர். செபஸ்தியான் அண்ணன் நீண்ட வரிசையில் நின்றிருக்கிறார். பழக்க தோஷம். ஆள் பார்த்த கிராணி கேட்டிருக்கிறார்:

"ரேகையா, கையெழுத்தா?"

"கையெழுத்து!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். இவர் வரிசையை விட்டு விலகி, சின்ன வரிசைக்கு நடந்து போனார். பேனாவை வாங்கினார். போட்டார். கோடு இழுத்தார். இரண்டு புள்ளி வைத்தார்.

நீண்ட வரிசையில் நின்றவர்களுக்குக் கிராணி படித்துக் காட்டினார். 'என் சம்மதத்தின் பேரில் வேலையிலிருந்து விலகி, அடுத்த கப்பலில் ஊருக்குத் திரும்புகிறேன்.' கேட்டவர்களில் பாதிப் பேர் விரலை இழுத்துக்கொண்டார்கள். மாட்டேன் என்றார்கள். அவர்களுக்குக் கூலியைக் குறைத்தார்கள், நாளைக் குறைத்தார்கள். ஆனால் இங்கேதான் இருக்கிறார்கள்.

மறுநாள் சாயங்காலம் அவர் மாடிக்கு வந்தபோது நாங்கள் ஒரு தீர்மானத்தின் வாசகத்தைத் திருத்திக்கொண்டிருந்தோம். காத்திருக்கச் சொன்னேன். காத்திருந்தார். தீர்மானம் நிறைவேறியதும் வெளியே வந்தேன். கையிலிருந்த நகலை நீட்டினார்.

"கேட் பாஸ் புதுசா மாத்துறாங்கன்னு நெனச்சேன். கப்பல், கப்பல்னு ஆளுங்க பேசிக்கிறாங்க. என்ன போட்டிருக்கு வாத்தியாரையா?"

படித்தேன். சத்தமாக. ஒரு நாள் தாமதமாக.

அவர் தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். "நானும் பாத்தேனே... 'க' இருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல 'ப' ரெண்டு இருந்துச்சு. நமக்குத் தெரிஞ்ச எழுத்தாச்சேன்னு சந்தோஷமா இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணு இருந்துச்சு. அது நாம இன்னும் படிக்கல."

'ல' படிக்கவில்லை. ம, ய, ர, ல. நாலு எழுத்து. இரண்டு வாரப் பாடம்.

வெள்ளிக்கிழமை காலை கிட்டங்கிக்கு ஓடினேன். கிராணி கெட்டவரில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்டார்.

"படிக்கத் தெரியாதவர் எப்படிங்க கையெழுத்துப் போட்டார்?"

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"நல்லாத்தான் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அடியில கோடு வேற." கொஞ்சம் யோசித்தார். "சரி. இவருக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீங்களே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. முதலாளிகிட்டக் காட்டிப் பேரை அடிச்சிடுறேன். கப்பல் புதன்கிழமை. செவ்வாய் மத்தியானம் லிஸ்ட் போயிடும். அதுக்குள்ள."

ஒரு வரி. எனக்கு! பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு! அங்கேயே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஏன்?

அந்த ஒரு வரியை நான் எழுதினால், 'படித்த மெம்பர்' என்று என்னால் ஓட்டுப் பெற்ற ஒருவருக்குப் படிக்கத் தெரியாது என்று செயலாளரே ஒப்புக்கொண்டதாகும். ஒன்று போனால் நாற்பதும் போகும். இது எனக்குக் கிட்டங்கியின் வாசற்படியிலேயே உறைத்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் உறைத்ததே என்றுதான் இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

மாணிக்கம் அண்ணன் கணக்காகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மாநாடு தம்பி. ஈப்போவிலேருந்து தலைவருங்க வர்றாங்க. இன்னைக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு அந்தக் காகிதம் பழைய கமிட்டிக்காரங்க கையில. மாநாடு முடியட்டும். திங்கட்கிழமை எழுதிக் குடு. நாள் இருக்குல்ல?"

நாள் இருந்தது. மாநாட்டில் பேசினேன். 'எழுத்தறிவில்லாத தோழனுக்குக் கண்ணாக இருப்போம்' என்று பேசினேன். பலத்த கைத்தட்டல். கூட்டத்தில் எங்கேயோ அவரும் நின்று தட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை மாலை எழுத உட்கார்ந்தேன். 'படிக்கத் தெரியாது' என்று எழுதிவிட்டு அடித்தேன். 'படிப்பு குறைவு' என்று மாற்றினேன். அதையும் அடித்தேன். வாசகர்களே, பிழை திருத்துகிற கை அது. எந்த வார்த்தையை எங்கே வைத்தால் எவ்வளவு குறையும் என்று அதற்குத் தெரியும். கடைசியில் இப்படி வந்தது: 'அன்னார் வாசிப்பில் போதிய பயிற்சி பெற்றவர் அல்லர்.' அழகான வாக்கியம். யாரையும் காட்டிக் கொடுக்காத வாக்கியம்.

செவ்வாய் காலை பதினோரு மணிக்குக் கிராணி அதைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"போதிய பயிற்சி இல்லேன்னா... கொஞ்சம் தெரியும்னுதானே முதலாளி கேப்பாரு? இந்தாங்க பேனா. 'படிக்கத் தெரியாது'. ரெண்டே வார்த்தை. இங்கயே எழுதுங்க."

பேனாவை வாங்கினேன். மை சொட்டியது. "ஒரு ஆளக் கேட்டுட்டு வந்திடுறேன்" என்றேன்.

கிராணி என்னைப் பார்த்த பார்வை... வேண்டாம்.

மாணிக்கம் அண்ணன் கடையில் இல்லை. பசாருக்குப் போயிருந்தார். காத்திருந்தேன். யாருடைய அனுமதிக்காக? எதற்காக? அவர் வரவில்லை. ஒன்றரை மணிக்கு நானே ஒரு தாளை எடுத்து அந்த இரண்டு வார்த்தையை எழுதிக்கொண்டு ஓடினேன். லிஸ்ட் போய்விட்டிருந்தது. கிராணி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, நான் கொடுத்த மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சரியா இருக்கு" என்றார்.

புதன்கிழமை துறைமுக ஜெட்டியில் கூட்டம். தகரப் பெட்டி, பாய், சட்டி. லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிறையிலிருந்து பெரிப் படகு ஏறி வந்திருந்தாள். அப்பாவின் கையை விடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. செபஸ்தியான் அண்ணன்தான் என்னைத் தேடி வந்தார். அவர் திட்டியிருந்தால் இந்தப் பத்தியை நான் எழுத வேண்டியிருக்காது.

"வாத்தியாரையா, 'ப'வோட நின்னுட்டோம்லா" என்றார். கொஞ்சம் சிரித்தார். சிலேட்டை என் கையில் கொடுத்தார். "வேற யாருக்காச்சும் ஆவும்."

கப்பல் போன பிறகு கடல் ஒன்றும் நடக்காதது மாதிரி மூடிக்கொண்டது.

இது நடந்து நாலு மாதம். இந்த நாலு மாதமும் நான் செயலாளராகத்தான் இருக்கிறேன். இன்னும் இரண்டு கூட்டம் பேசினேன். கட்சி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது கேட்கிற நியாயம் நியாயம்தான். ஆனால் நான் ஒரே மாடியில் இரண்டு வேலை செய்தேன். ஒன்று மெதுவாக நடக்கிற வேலை. மற்றது கை தட்டுகிற வேலை. இரண்டில் எது படிக்கட்டில் உட்கார வேண்டியிருந்தது என்று நீங்களே பார்த்தீர்கள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. அதை, கூட இரண்டு வரி சேர்த்து, இங்கே அச்சில் போடுகிறேன்:

செபஸ்தியானுக்குப் படிக்கத் தெரியாது. பேர் போட மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் அப்படியே.

வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. இதை யாராவது சத்தமாகப் படிப்பார்கள். படிக்கட்டும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடிதத்துக்கு வருகிறேன். 'வாத்தியாரையா அவர்களுக்கு. நான் சுகம். இதை லூர்துவுக்குப் படித்துக் காட்டவும். பிள்ளை பிறந்ததா, ஆணா பெண்ணா, எழுதவும். இங்கே கோயிலில் பாட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள், நான் வாங்குவதில்லை. கடிதம் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்தா என்று கேட்டார். ரேகை என்றேன். இரண்டு பேரை வைத்துப் படித்துக் காட்டினார். அதுவே நல்லது.'

பத்தியைப் பாதியில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிபோங் திபால் போனேன். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் லூர்து குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெண் குழந்தை. கடிதத்தைப் படித்தேன். அவள் அழவில்லை. குழந்தையின் காலை நீவிக்கொண்டே கேட்டாள். பதில் எழுதச் சொன்னாள். பெண் குழந்தை, தாத்தாவின் மூக்கு, அன்னம்மாள் என்று பேர் வைத்திருக்கிறது, இவ்வளவுதான்.

எழுதி முடித்துப் பேனாவை நீட்டினேன். ஏதோ ஒரு குற்ற உணர்ச்சியில், "உனக்கு வேணும்னா கையெழுத்துச் சொல்லித் தரேம்மா... முழுசா, எழுத்தும் சேத்து" என்றேன்.

"வேணாங்கய்யா. அப்பா கத்துக்கிட்டது போதும்."

மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். அவள் விரலை நீட்டவில்லை.

"மொதல்ல படிங்க."

படித்தேன். அவள் தலையசைத்தாள். அப்போதும் விரலை நீட்டவில்லை. பக்கத்து லயத்துக்கு ஜெபம் சொல்ல வந்திருந்த உபதேசியாரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இத நீங்களும் ஒருக்காப் படிச்சுச் சொல்லுங்க."

அவர் ஒரு வார்த்தை விடாமல் படித்தார். நான் எழுதியது, நான் படித்தது, அவர் படித்தது, மூன்றும் ஒன்றுதான் என்று உறுதியான பிறகு விரல் மையில் இறங்கியது. அழுத்தினாள். ஊதினாள். மை காய்ந்ததும் தாளை மடித்து, தபாலில் போடச் சொல்லி உபதேசியாரிடம் கொடுத்தாள்.

என்னிடம் இல்லை. சரியாகத்தான் செய்தாள்.